முற்றுகைக்குள் ஒரு கிரயப்பத்திரம்

கி.மு. 587ஆம் ஆண்டுவாக்கில் எருசலேம் நகரில் ஒரு நிலம் கைமாறியது. விற்றவர் அனாமெயேல். வாங்கியவர் அவருடைய சித்தப்பா பெரியப்பா வழி உறவான தீர்க்கதரிசி எரேமியா. விலை 17 சேக்கல் வெள்ளி; இன்றைய எடையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். பத்திரம் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டது. ஒன்று முத்திரை வைத்து மூடியது, மற்றது திறந்த பிரதி. இரண்டையும் எரேமியாவின் எழுத்தரான, நேரியாவின் மகன் பாருக்கு வாங்கி, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைத்தார்.

பைபிளின் எரேமியா புத்தகம், 32ஆம் அதிகாரம், இந்தப் பரிவர்த்தனையை ஒரு பத்திர எழுத்தரின் கவனத்தோடு பதிவு செய்திருக்கிறது. ஆனால் இந்தக் கிரயத்தில் எல்லாமே கோணல். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. நகரத்துக்குள் பஞ்சம், கொள்ளைநோய். விற்கப்பட்ட நிலம் நகரத்துக்குள்ளே இல்லை. வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஆனதோத் என்ற கிராமத்தில், எதிரிப்படை நடமாடும் பகுதியில் இருந்தது. வாங்கியவரோ காவற்சாலை முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்த கைதி. நகரம் விழப்போகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார் என்பதற்காக அரசன் சிதேக்கியா அவரைச் சிறைவைத்திருந்தான்.

அதாவது, இந்த நாடு அழியப்போகிறது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த மனிதர்தான் அந்த நாட்டில் காசு கொடுத்து நிலம் வாங்குகிறார்.

எரேமியாவை எதிர்த்த தீர்க்கதரிசிகள் அந்த நாளில் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும், கொள்ளை போன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களிடம் சொன்னார்கள். ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. எரேமியா அவர்களைப் பொய்யர்கள் என்றார். அதே எரேமியா, அழிவு வாசலுக்கு வந்துவிட்ட பிறகு, இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் விலைக்கு வாங்கப்படும் என்று சொல்லி, அதற்குத் தம் வெள்ளியையே முன்பணமாகக் கட்டுகிறார். கிறிஸ்தவர்கள் சொல்லும் நம்பிக்கை எது, எது இல்லை என்பதை இந்த ஒரு கிரயத்தைப்போல் துல்லியமாகக் காட்டும் இடம் பைபிளில் அதிகம் இல்லை.

பத்திரத்தை ஒப்படைத்த கையோடு எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபம் கலங்கிய மனதின் ஜெபம். கொத்தளங்கள் நகரத்தின் மேல் ஏறிவிட்டன, நகரம் கைவிட்டுப் போகிறது, இப்படிப்பட்ட நேரத்தில் என்னைப் பணம் கொடுத்து நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கடவுளிடமே கேட்கிறார். அவர் சந்தேகம் தீர்ந்த பிறகு வாங்கவில்லை. வாங்கி முடித்துவிட்டுச் சந்தேகப்படுகிறார். பைபிள் அந்தக் கேள்வியை மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

நகரம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. சிதேக்கியாவின் கண்கள் பிடுங்கப்பட்டன. எரேமியாவைச் சொந்த ஜனங்களே எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பியதாக எந்தக் குறிப்பும் இல்லை. அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டவில்லை. ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, பாரசீக அரசன் கோரேசு சிறைப்பட்ட யூதர்களைத் தாயகம் திரும்ப அனுமதித்தபோது, திரும்பிவந்தவர்களின் பட்டியல் ஒன்று எடுக்கப்பட்டது. எஸ்றா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஊர்வாரியாக எண்ணிக்கை சொல்லும் சலிப்பூட்டும் பட்டியல்தான். அதில் ஒரு வரி ஆனதோத் ஊராருக்கு. 128 பேர்.

கஷ்ட காலத்தில் கடவுளை நம்புவது என்றால் பலருக்கும் மனதில் வருவது வேறு: நம்பினால் நோய் வராது, வந்தாலும் போய்விடும், கடன் தீரும், வழக்கு ஜெயிக்கும். மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் இந்த வாக்குறுதி சத்தமாகவே கொடுக்கப்படுகிறது. அதை நம்பிய ஒரு குடும்பத்தில் குழந்தை இறந்துபோனால் இரண்டாவது அடியும் விழுகிறது. 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இதைவிடக் கொடுமையான ஆறுதல் உலகத்தில் கிடையாது. இதற்குப் பைபிளில் ஆதாரமும் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி, ஒரு கீற்று வெளிச்சமும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் தொழுகைப் புத்தகத்தில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக ஜெபித்திருக்கிறார்கள். ஏன் கைவிட்டீர் என்ற கேள்வியை இயேசுவே சிலுவையில் கேட்டார். மகிழ்ச்சியாயிருங்கள் என்று பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் சிறையிலிருந்து போனது.

எரேமியாவின் கிரயப்பத்திரத்தை இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் எடுத்துப் பிரித்துப் பார்த்தவர் ஒரு ஜெர்மானியர், டீட்ரிஷ் போன்ஹோஃபர்.

1906இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். அப்பா கார்ல் போன்ஹோஃபர் பெர்லினில் புகழ்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு; இசையும் அறிவியலும் நிறைந்த வீடு. பெரிய மகன்களில் ஒருவர் முதல் உலகப்போரில் 1918இல் இறந்தார். டீட்ரிஷ் இறையியல் படிக்கப்போகிறேன் என்றபோது அண்ணன்கள் வியப்போடு பார்த்தார்கள். 21 வயதில் முனைவர் பட்டம் பெற்றார். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். இரண்டே நாளில், பிப்ரவரி 1 அன்று, தலைவர் வழிபாட்டின் ஆபத்தைப் பற்றி போன்ஹோஃபர் வானொலியில் பேசினார். பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு நின்றுபோனது. அந்த ஏப்ரலிலேயே, யூதர்கள்மேல் பாயும் அரசைத் திருச்சபை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடுவது மட்டும் போதாது, நசுக்கிக்கொண்டு ஓடும் சக்கரத்தையே நிறுத்த வேண்டிய நேரமும் வரும் என்பது அதன் சாரம். திருச்சபையில் பெரும்பாலோர் அப்போது அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

இந்தியாவோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. வன்முறை இல்லாமல் எதிர்ப்பது எப்படி என்று காந்தியிடம் நேரில் தங்கிக் கற்க விரும்பினார். காந்தியும் 1934 நவம்பரில் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். பயணம் நடக்கவில்லை. ஹிட்லருக்கு அடிபணிய மறுத்த திருச்சபையினர் இளம் ஆயர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தார்கள். 1935 முதல் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் அந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1937இல் ஹிட்லரின் இரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை மூடியது.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார்கள். பாதுகாப்பான நாடு, நல்ல வேலை. அவரால் ஒரு மாதத்துக்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. தம் ஜனங்களின் சோதனை நாட்களில் கூட இருக்காதவனுக்கு, போருக்குப் பின் அவர்களோடு சேர்ந்து நாட்டைக் கட்டியெழுப்ப உரிமை இருக்காது என்று அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூருக்கு எழுதிவிட்டு, ஜூலையில் கப்பல் ஏறினார். போர் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. தப்பிக்கக் கிடைத்த கதவை அவரே சாத்திவிட்டு வந்தார். அந்தக் கடிதத்தில் போருக்குப் பிந்தைய ஜெர்மனியைப் பற்றிய அக்கறைதான் முன்னால் நிற்கிறது. போர் தொடங்கும் முன்பே, அது முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலையை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பியவர், அக்காள் கணவர் ஹான்ஸ் ஃபான் டோனானியின் வழியாக ராணுவ உளவுத்துறையில் சேர்ந்தார். வெளிப்பார்வைக்கு உளவு வேலை. உள்ளே ஹிட்லருக்கு எதிரான சதிக்குழு. அதே குழு 1942இல் 14 யூதர்களை உளவாளிகள் என்ற போர்வையில் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்தது.

1942 முடியும் நேரத்தில் தம் தோழர்களுக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பத்தாண்டுக் கொடுங்கோலாட்சி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன என்பதே பொருள். பெற்றோர் வீட்டுக் கூரை உத்தரங்களுக்கிடையில் அதன் ஒரு பிரதி மறைத்து வைக்கப்பட்டது. அதில்தான் எரேமியாவின் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் வருகின்றன. எல்லாம் இருண்டு கிடக்கும் நேரத்தில் கடவுள் தரும் புதுத் தொடக்கத்தின் அடையாளம் என்று அதை அவர் வாசித்தார். நாளைக்கு இறுதித் தீர்ப்பு நாள் வந்துவிடலாம். வந்தால் கையில் உள்ள வேலையைச் சந்தோஷமாகக் கீழே வைப்போம். அதுவரை வைக்கமாட்டோம் என்ற பொருளிலும் எழுதினார். உலகம் கெட்டுப்போய்விட்டது, இனி பரலோகம்தான் கதி என்று ஒதுங்கிப்போகும் பக்தியை அவர் சந்தேகத்தோடு பார்த்தார். வரப்போகும் தலைமுறை எப்படி வாழும் என்பதே அவருக்கு முக்கியமான கேள்வி.

எழுதியதற்கு ஏற்ற காரியம் ஒன்றை அடுத்த மாதமே செய்தார். 1943 ஜனவரியில் மரியா ஃபான் வேடமயருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. மரியாவுக்கு 18 வயது, அவருக்கு 36. மரியாவின் அப்பாவும் அண்ணனும் முந்தைய ஆண்டில்தான் கிழக்குப் போர்முனையில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். எந்த நேரமும் கைது வரலாம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஏப்ரல் 5 அன்று அது வந்தது.

பெர்லினின் டேகல் ராணுவச் சிறை. எண் 92 என்ற சிறிய அறை. அங்கிருந்து அந்த ஆகஸ்டில் மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியா திரும்பவும் வருகிறார். நாட்டின் நிலைமை, தங்கள் எதிர்காலத்தைச் சூழ்ந்த இருட்டு, தம்முடைய சிறைவாசம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், நம் கல்யாணம் கடவுளின் பூமிக்கு நாம் சொல்லும் சம்மதமாக இருக்கும் என்பது அவர் எழுதியதன் கருத்து. இந்தப் பூமியில் ஒரே காலில் நின்றுகொண்டிருக்கும் கிறிஸ்தவர்கள் பரலோகத்திலும் ஒரே காலில்தான் நிற்பார்கள் என்ற கவலையையும் அதே கடிதத்தில் பகிர்ந்துகொண்டார்.

இதனால் அவரை எதற்கும் கலங்காத வீரராக வரைந்துவிடக் கூடாது. கைதான முதல் வாரங்களில் துண்டுத்தாள்களில் எழுதிய குறிப்புகளில் தற்கொலை பற்றிய எண்ணம்கூட இருக்கிறது. 1944 கோடையில் எழுதிய 'நான் யார்' என்ற கவிதை அவருடைய இரண்டு முகங்களையும் எதிரெதிரே நிறுத்துகிறது: காவலர்களின் கண்ணில் தெரியும் நிமிர்ந்த மனிதர் ஒருபக்கம், அவருக்கு மட்டுமே தெரிந்த, ஏங்கித் தவித்துக் களைத்துப்போன மனிதர் மறுபக்கம். இரண்டில் எது உண்மை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கடவுளுக்குத் தம்மைத் தெரியும் என்ற இடத்தில் கவிதையை நிறுத்திக்கொண்டார்.

அவரைத் தாங்கியது பெரும்பாலும் பழக்கம். தினமும் குறித்த நேரத்தில் எழுவது, உடற்பயிற்சி, சங்கீத வாசிப்பு, மனப்பாடப் பாடல்கள், படிப்பு, எழுத்து. தொடக்கக் கடிதங்களிலேயே பௌல் கெர்ஹார்ட்டின் பாடல்களைக் குறிப்பிடுகிறார். கெர்ஹார்ட் 17ஆம் நூற்றாண்டின் லுத்தரன் ஆயர். ஜெர்மனியைச் சின்னாபின்னமாக்கிய முப்பதாண்டுப் போரில் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர், மனைவியையும் இழந்தவர், மனச்சாட்சிக்காகப் பெர்லின் ஆலயத்துப் பதவியையும் விட்டவர். அவர் எழுதிய பாடல்களில் அழுகையும் துதியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

தமிழ் லுத்தரன் குடும்பங்களுக்கு இந்த மரபு புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் ஜெர்மன் பாடல்களை அதே மெட்டில் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஞானப்பாட்டு என்ற பெயரில் அவை இன்றும் தஞ்சை, திருச்சி, தரங்கம்பாடிக் கோயில்களில் ஆர்கன் இசையோடு ஒலிக்கின்றன. துக்க வீடுகளிலும் பாடப்படுகின்றன. சீகன்பால்குவும் சிறையை அறிந்தவர்தான். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய சில வாரங்களில், 1708 நவம்பரில், டேனிஷ் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் கோட்டைக்குள் அடைக்கப்பட்டு நான்கு மாதம் கிடந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711இல் முடித்தார். சில ஆண்டுகளில் அது தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சேறியது.

டேகலுக்குத் திரும்புவோம். 1943 நவம்பரிலிருந்து பெர்லின்மேல் நேசநாடுகளின் குண்டுவீச்சு கடுமையானது. கைதிகள் அறைக்குள் பூட்டப்பட்டிருக்க, சுவர்கள் குலுங்கும். போன்ஹோஃபர் காயம்பட்டவர்களுக்கு உதவினார். சக கைதிகளுக்காகக் காலை, மாலை ஜெபங்களை எழுதிக்கொடுத்தார். அவை இரகசியமாகக் கைமாறின. ஓர் இரவு எல்லாரும் தரையில் குப்புறக் கிடந்தபோது, வழக்கமாக எதையும் விளையாட்டாகப் பேசும் ஒருவர் 'கடவுளே, கடவுளே' என்று அரற்றினார். ஆயரான போன்ஹோஃபர் அந்த நேரத்தில் அவருக்கு வேதம் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னார். 1944 ஜனவரி இறுதியில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். பயந்து கிடப்பவனின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவனிடம் மதத்தைத் திணிக்க அவர் மனம் ஒப்பவில்லை. துயரத்தில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு போதகரும் ஊழியரும் ஒருமுறை வாசிக்க வேண்டிய கடிதம் அது.

அந்தக் கடிதங்கள் வெளியே வந்ததற்கு நல்ல மனம் கொண்ட காவலர்கள் காரணம். அவர்களில் க்னோப்ளாக் என்ற காவலர் அவரைத் தப்புவிக்கவே முன்வந்தார்.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்துக்கொண்டார். சதி அம்பலமானால் தம் கதை முடிந்தது என்று போன்ஹோஃபருக்குத் தெரியும். மறுநாள் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் பதற்றம் இல்லை. இந்த உலக வாழ்க்கைக்குள், அதன் கடமைகளுக்கும் தோல்விகளுக்கும் குழப்பங்களுக்கும் நடுவே முழுதாக வாழ்ந்துதான் ஒருவர் விசுவாசத்தைக் கற்கிறார். அப்போதுதான் தம்மைக் கடவுளின் கையில் முற்றிலும் விடுகிறார் என்று எழுதினார். இலையுதிர் காலத்தில் க்னோப்ளாக்கின் திட்டம் தயாரானது. குடும்பத்தார் மாற்று உடைகூட வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் அண்ணன் கிளவுஸ் கைதானார். தாம் தப்பினால் குடும்பம் மொத்தமும் பழிவாங்கப்படும் என்று டீட்ரிஷ் திட்டத்தைக் கைவிட்டார். நியூயார்க்குக்குப் பின் இது அவர் சாத்திய இரண்டாவது கதவு.

அக்டோபரில் கெஸ்டபோவின் நிலவறைச் சிறை. 1945 பிப்ரவரியில் புகன்வால்ட் முகாம். ஏப்ரல் 8, ஞாயிறு. ஷோன்பெர்க் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் கைதிகளை வைத்திருந்தார்கள். ஆராதனை நடத்தச் சொன்னார்கள். போன்ஹோஃபர் தயங்கினார். கூட இருந்தவர்களில் பலர் கத்தோலிக்கர். கொகோரின் என்ற சோவியத் அதிகாரியும் இருந்தார். அவர்மேல் தம் மதத்தைத் திணிக்கக் கூடாது என்பதே தயக்கத்துக்குக் காரணம். கொகோரினே சம்மதித்த பிறகுதான் நடத்தினார். முடித்த சற்று நேரத்தில் அவரைக் கூட்டிப்போக இரண்டு பேர் வந்தார்கள். மறுநாள் காலை ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

அவருடைய கடைசி நிமிடங்கள் அமைதியாகக் கழிந்தன, சாவு நொடிகளில் வந்தது என்று முகாம் மருத்துவர் பத்தாண்டு கழித்து எழுதினார். பிரசங்கங்களில் அதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆய்வாளர்கள் அந்தச் சாட்சியத்தைச் சந்தேகிக்கிறார்கள்; அப்படி எழுதுவதில் மருத்துவருக்குச் சொந்த லாபம் இருந்தது. அந்த அழகான மரணக் காட்சி இல்லாவிட்டாலும் போன்ஹோஃபரின் நம்பிக்கை குறைந்துவிடாது. அது இரண்டாண்டுக் கடிதங்களில் கிடக்கிறது.

அவர் டேகலில் இருந்த முதல் கோடையிலேயே, 1943 ஜூலையில், ஹாம்பர்க் நகரம் ஒரு வாரத் தொடர் குண்டுவீச்சில் எரிந்தது. ஏறக்குறைய 40,000 பேர் இறந்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் உதவியாளனாக நின்ற 17 வயதுப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போனான். பையன் பிழைத்தான். மதப்பற்று இல்லாத குடும்பத்தில் வளர்ந்தவன். கதேயும் நீட்சேவும் படித்தவன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடவுள் எங்கே என்று கத்தினான். அவன்தான் பின்னாளில் உலகம் அறிந்த இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன்.

1945 பிப்ரவரியில் அவர் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தார். ஸ்காட்லாந்துக் கைதி முகாமில், வதைமுகாம்களின் புகைப்படங்களை ஜெர்மன் கைதிகளுக்குக் காட்டினார்கள். தன் நாடு என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தபோது, உயிரோடு இருப்பதே பாரமாகிவிட்டது அவருக்கு. ராணுவப் பாதிரியார் ஒருவர் கொடுத்த பைபிளை முதலில் அக்கறை இல்லாமல்தான் புரட்டினார். 39ஆம் சங்கீதத்தின் புலம்பல் அவரைப் பிடித்து நிறுத்தியது. பிறகு மாற்கு நற்செய்தியில் இயேசுவின் சாவைப் படித்தார். கைவிடப்பட்டவர்களின் கூக்குரலைக் கடவுளின் மகனே எழுப்பிய அந்த இடத்தில், தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். அங்கே வேலை செய்யப் போன இடங்களில், எதிரி நாட்டானான அவரை ஸ்காட்லாந்துத் தொழிலாளர் குடும்பங்கள் மனிதனாக நடத்தியதும் அந்த மாற்றத்தில் பங்கு வகித்தது.

1964இல் வெளியான அவருடைய 'நம்பிக்கையின் இறையியல்' உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அதன் மையக் கருத்து எளியது, ஆனால் கூர்மையானது. இயேசுவின் உயிர்த்தெழுதலை நம்புகிறவர் இன்றைய உலகம் இருக்கிற நிலையோடு சமாதானமாகப் போகமாட்டார். சாவையும் பசியையும் ஒடுக்குமுறையையும் 'எல்லாம் விதி' என்று ஏற்றுக்கொள்ள அவரால் முடியாது. நம்பிக்கை அவரை அமைதிப்படுத்துவதோடு நிற்காது; நிம்மதி இழக்கவும் செய்யும். லத்தீன் அமெரிக்காவிலும் கொரியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அடக்குமுறைக்கு எதிரே நின்ற கிறிஸ்தவர்கள் போன்ஹோஃபரையும் மோல்ட்மனையும் கையில் எடுத்ததற்கு இதுவே காரணம். மோல்ட்மன் 2024 ஜூனில், 98ஆம் வயதில் இறந்தார்.

ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் கஷ்டம் என்பது சர்வாதிகாரியோ போரோ அல்ல. ஒரு மருத்துவ அறிக்கை, ஒரு விபத்து, ஒரு நாற்காலி காலியாகிப் போவது. அங்கே இந்த நம்பிக்கை என்ன சொல்லும்? போன்ஹோஃபர் 1943 கிறிஸ்துமஸ் சமயத்தில் பெத்கே தம்பதிக்கு எழுதியது இதற்குப் பொருந்தும். அன்பானவர் இல்லாத வெற்றிடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, நிரப்பப் பார்க்கவும் கூடாது என்றார். அந்த இடத்தைக் கடவுள் நிரப்புகிறார் என்று சொல்வதே தவறு. கடவுள் அதை வெற்றிடமாகவே வைத்திருக்கிறார், அந்த வலியோடு சேர்த்து உறவையும் காப்பாற்றித் தருகிறார் என்பது அவர் கண்டது. ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும் எவருக்கும் இது நல்ல கடிவாளம். இழந்தவர்களை அவசரமாகத் தேற்ற வேண்டாம் என்று அனுமதி தருகிறது.

போன்ஹோஃபர் குடும்பத்துக்கே அந்த அனுமதி தேவைப்பட்டது. போரின் கடைசி வாரங்களில் டீட்ரிஷ், கிளவுஸ் என்ற இரு மகன்களையும், டோனானி, ஷ்லைஷர் என்ற இரு மருமகன்களையும் அவர்கள் இழந்தார்கள். டீட்ரிஷின் சாவு உறுதியானது ஜூலை 27 அன்று, பிபிசி வானொலியில். லண்டன் ஆலயம் ஒன்றில் அவருடைய நண்பர் ஆயர் ஜார்ஜ் பெல் நடத்திய நினைவு ஆராதனையை ஒலிபரப்பினார்கள். பெர்லினில் வயதான பெற்றோர் அதைக் கேட்டார்கள்.

மரியா 1945 பிப்ரவரியில் அவரைத் தேடி, குளிருக்கான உடைகளைத் தூக்கிக்கொண்டு, ஃப்ளோசன்பூர்க் வரை போயிருந்தார். கடைசிக் கிலோமீட்டர்களை நடந்தே கடந்தார். அவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உண்மையிலேயே அப்போது அவர் அங்கே இல்லை. ஏழு வாரம் கழித்துத்தான் கொண்டுவரப்பட்டார். போருக்குப் பின் மரியா கோட்டிங்கனில் கணிதம் படித்தார். அமெரிக்கா போனார். ஹனிவெல் நிறுவனத்தின் கணினித் துறையில் பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார். இரண்டு மகன்களை வளர்த்தார். டேகலிலிருந்து வந்த கடிதங்களை, 1977இல் இறக்கும் முன், அக்காவின் பொறுப்பில் விட்டார்.

இருவரின் கடிதங்களும் 1992இல் ஜெர்மனில் புத்தகமாக வந்தன. இறையியலைத் தேடி அதைத் திறப்பவர்களுக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் குடித்தன ஏற்பாடு. எந்த மரச்சாமானை எங்கே போடுவது, கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று ஒரு கைதியும் ஓர் இளம்பெண்ணும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடிதத்தில் மரியா, தம் கட்டிலைச் சுற்றி அவருடைய சிறை அறையின் அளவுக்குச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருப்பதாக எழுதுகிறார். அதற்குள் ஒரு மேசையையும் நாற்காலியையும் போட்டு, தாமும் அந்த அறையிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறாராம்.